கருடன் பால் குடித்த தோட்டம்

ஈப்போவில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குச் சமய வகுப்பு நடத்தும் ஓர் இளம் ஆசிரியை சென்ற மாதம் என்னைத் தேடி வந்தார். கையோடு ஒரு புகாரும் கொண்டு வந்தார். புராணத்தில் வரும் பறவைகளைப் பற்றி வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தாராம். கருடன் தன் தாயை அடிமைத்தனத்திலிருந்து மீட்க அமுதக் குடத்தைக் கொண்டுவந்தார், கையில் இருந்தும் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை, அதுதான் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது என்று முடிக்கப் போகும் நேரத்தில் சில பிள்ளைகள் எழுந்து நின்று, "இல்ல டீச்சர், பொறவு குடிச்சாரு" என்று அடித்துச் சொன்னார்களாம். விசாரித்துப் பார்த்தால் அத்தனை பேரும் தெலுக் இந்தான் சாலையில் இருந்த ஒரே ரப்பர் தோட்டத்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அந்தத் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் கதை சொன்னவள் நான்தான் என்று யாரோ கைகாட்டி விட்டிருக்கிறார்கள்.

"நீங்க கிறிஸ்தவங்க. தெரியாம மாத்திச் சொல்லியிருப்பீங்க, பரவால்லம்மா. தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா பிள்ளைங்ககிட்ட காட்டிடுவேன்" என்றார். ரொம்பப் பணிவாகத்தான் கேட்டார்.

எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இதோ எழுதுகிறேன். ஆனால் தப்பு என்று எழுதப் போவதில்லை. ஏன் என்பதைத்தான் எழுதப் போகிறேன், அது ஒரு வரியில் அடங்காது.

நான் வளர்ந்தது ஈப்போவில் ஒரு மிஷன் விடுதியில். பக்கத்து மருத்துவமனையில் குழந்தைகள் பகுதியில் தரை துடைக்கவும், பால் காய்ச்சவும், காய்ச்சல் பார்க்கவும் பழகினேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. எனக்குக் கல்யாணம் பேசிய இடம் கைவிட்டுப் போனதும், ஒரு தோட்டத்துக்கு ஆயா வேண்டுமாம் என்ற செய்தி வந்ததும் ஒரே வாரத்தில் நடந்தன. வந்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் மாட்டு வண்டியில் அந்தத் தோட்டத்துக்குப் போய் இறங்கியபோது எனக்குத் தெரிந்த வேதப் பறவை ஒன்றே ஒன்றுதான். பெருவெள்ளத்தில் மிதந்த பேழையிலிருந்து பறந்துபோய் இலையைக் கொத்தி வந்த புறா.

ஆயாக்கொட்டகை என்பது அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட நீளமான ஒரு கொட்டகை. விடியுமுன்பே தாய்மார்கள் பெரட்டுக்குப் போகிற வழியில், அதாவது பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்குப் போகிற வழியில், தூங்குகிற பிள்ளைகளைத் தோளிலிருந்து என் கைக்கு மாற்றிவிட்டுப் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்விடுவார்கள். கைக்குழந்தைகள் தூளியில். தவழ்கிறவை பாயில். பள்ளிக்கூடம் இன்னும் எட்டிப்பார்க்காத தோட்டம் அது, அதனால் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளும் என்னிடம்தான். பசியாறக் கஞ்சி கொடுத்து, புண் கழுவி, மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா விழுங்க வைத்து, கால்வாயில் யாரும் விழாமல் காவல் காத்து, வெட்டிய பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் தாய்மார்களிடம் அவரவர் பிள்ளையை ஒப்படைக்க வேண்டும்.

எனக்கு மேலே இருந்தவர் டிரெசர் ஐயா. தோட்டத்து ஆஸ்பத்திரி அவர் பொறுப்பு. யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான ஆள், கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, திருநீறு. தோட்டத்துக்கு மருந்துக்காரர் என்று பேர், ஆனால் மருந்தைவிடக் கைகழுவும் தண்ணீரைத்தான் அதிகம் நம்புவார். மருந்தை அளவுக் கண்ணாடியில் ஊற்றினால் கண்ணாடியைத் தூக்கிப் பார்க்க மாட்டார். இடுப்பை மடித்துக் குனிந்து, கண்ணை மருந்தின் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார். 'சுமார்' என்ற சொல்லை அவர் எதிரில் சொல்லிவிட்டால் போச்சு, மருந்தைக் கீழே ஊற்றிவிட்டு மறுபடி அளக்கச் சொல்வார்.

அவரிடம் எனக்கு முதலில் பிடிக்காமல் போனதும் பிறகு ரொம்பப் பிடித்ததும் ஒரே குணம்தான். பிள்ளைகளிடம் பொய் சொல்ல மாட்டார். வேறு யாராக இருந்தாலும் "கசக்காதுடா கண்ணு" என்று சொல்லித்தான் மருந்தை ஊற்றுவார்கள். இவர் "கசக்கும். நல்லாக் கசக்கும். வாயைத் திற" என்பார். புண்ணைக் கீறும்போது "நோகும்" என்பார், நோகும். "முடிஞ்சுது" என்பார், முடிந்திருக்கும். பிள்ளைகள் அவரைப் பார்த்து அழுவார்கள், ஆனால் அவர் சொன்னதை நம்பாத பிள்ளை ஒன்றுகூட இல்லை.

கதை சொல்ல ஆரம்பித்தது வயிற்றுப் பூச்சி மருந்தால்தான். அப்போது தோட்டமெங்கும் கொக்கிப்புழு. வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைகள், வெளுத்த முகம், உப்பிய வயிறு. அந்த மருந்தை வெறும் வயிற்றில்தான் கொடுக்க வேண்டும். முதல்நாள் சாயங்காலத்திலிருந்தே பட்டினி. தாய்க்கு மனசு கேட்குமா? இருட்டில் ஒரு கவளம் சோற்றைப் பிள்ளை வாயில் திணித்துவிட்டு, "ஒண்ணும் குடுக்கல ஐயா" என்பார்கள். மருந்து உள்ளே போனதும் ஒரு பையன் மயங்கி விழுந்து, டிரெசர் ஐயா அவனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அவன் பிழைத்தான். அடுத்த நாள் அவர் என்னிடம் வந்து, "தாய்மாரோட கதைச்சுப் பிரயோசனம் இல்லை. பிள்ளையளுக்குச் சொல்லும். வேண்டாம் எண்டு அதுகளே சொல்லவேணும்" என்றார்.

பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? நான் யோசித்துக்கொண்டு கிணற்றடியில் நின்றபோது மாரியாயி வந்தாள்.

மாரியாயியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, தனியாக இருக்கிற பொம்பளைக்கு தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வீடு எதற்கு என்று சொல்லி, வேலையாட்களுக்கெல்லாம் தலைவரான பெரிய கங்காணி அவளைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். காலையில் பால் வெட்டு. மத்தியானத்திலிருந்து கங்காணி வீட்டில் தண்ணீர் இறைப்பு, மிளகாய் அரைப்பு, பாத்திரம். படுக்கை அடுப்படியில். அவளுக்கு ஒரே மகள், அஞ்சலை, ஆறு வயதிருக்கும். கங்காணி வீட்டம்மாவுக்குப் பிள்ளைச் சத்தம் ஆகாது, சொறி பிடித்த பிள்ளை வீட்டுக்குள் வரக்கூடாது. அதனால் அஞ்சலை அடுத்த லயத்தில் யார் வீட்டு மூலையிலோ தூங்குவாள். தாயும் மகளும் ஒரே தோட்டத்தில் இருந்துகொண்டு, கிணற்றடியில் மட்டும் பார்த்துக்கொள்வார்கள்.

என் கவலையைக் கேட்டதும் மாரியாயி, குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"எங்கூர் கூத்துல பாத்திருக்கேன் எஸ்தரு. வினதைன்னு ஒருத்தி, கருடனுக்கு அம்மா. அவ அக்கா கத்துரு, பாம்புங்களுக்கு அம்மா. ஒரு வெள்ளக் குதிரைக்கு வாலு என்னா நெறம்னு ரெண்டு பேரும் பந்தயம் கட்டுறாங்க. தோத்தவ அடிமை. கத்துரு என்னா செஞ்சா தெரியுமா? தன் பாம்புங்கள எல்லாம் போயி வால்ல தொங்கச் சொல்லி, வால கறுப்பாக்கிட்டா. அம்புட்டுத்தான், வினதை அடிமையாயிட்டா."

"ஏமாத்துனது தெரிஞ்சும் ஏன் இருந்தா?"

"எங்க போவா? ரெக்கை புள்ளைக்குத்தான இருக்கு" என்றாள் மாரியாயி.

கருடன் என்ன கேட்டாலும் தருகிறேன், அம்மாவை விடுங்கள் என்றாராம். அமுதம் வேண்டும் என்றனவாம் பாம்புகள். தேவர்களோடு சண்டை போட்டு, அமுதக் குடத்தைத் தூக்கிக்கொண்டு, வழியெல்லாம் பசியோடும் தாகத்தோடும் பறந்து வந்தாராம். ஒரு சொட்டு நாக்கில் வைக்கவில்லையாம். தர்ப்பைப் புல்லைப் பரப்பி, அதன்மேல் குடத்தை வைத்து, "கேட்டதைக் கொண்டுவந்துவிட்டேன், என் அம்மாவை விடு" என்றாராம். அதற்குள் மேட்டிலிருந்து கங்காணி வீட்டம்மாவின் குரல் வந்தது. மாரியாயி குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அதற்குமேல் அந்தக் கதையை நான் கேட்கவேயில்லை.

போதும் என்று இருந்தது எனக்கு. அடுத்த பூச்சி மருந்துக்கு முதல்நாள் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொன்னேன். சோறு கையில் இருந்தாலும் சாப்பிடாதவன்தான் கருடன் என்றேன். தர்ப்பை என்றால் என்ன என்று கேட்டார்கள். எனக்கு என்ன தெரியும்? கொட்டகைக்குப் பின்னால் இடுப்பளவு வளர்ந்து கிடந்த லாலாங் புல்லில் கொஞ்சம் அறுத்து, நுனியெல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி பரப்பிக் காட்டி, இந்த மாதிரி என்றேன். மறுநாள் காலையில் ஒரு தாய் என்னிடம் வந்து, "என்னா சொக்குப்பொடி போட்ட? சோத்த ஊட்டுனா வாயக் கட்டிக்கிட்டு, நா கருடன், நா கருடன்ங்குது" என்று சண்டை போட்டாள். அன்றைக்கு ஒரு பிள்ளைகூட மயங்கவில்லை.

அதற்குப் பிறகு சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக வரும் ஒவ்வொரு தாயிடமும் ஒரு பறவை கேட்டேன். ஒருத்தி சடாயுவைக் கொடுத்தாள். சின்னப் பிள்ளை கால்வாய்ப் பக்கம் தவழ்ந்தால் பெரிய பிள்ளைகள் வேடிக்கை பார்க்கக்கூடாது, தடுக்க முடியாவிட்டாலும் கத்தவாவது வேண்டும் என்பதற்கு அது உதவியது. மறுநாளே பத்துப் பன்னிரண்டு சடாயுக்கள் சேர்ந்து, தூளியை மோந்து பார்க்க வந்த கணக்கெழுதும் கிராணி வீட்டு ஆட்டைத் தோட்டத்துச் சாலையான சடக்கு வரைக்கும் துரத்திவிட்டு வந்தன. கிராணி என்னை முறைத்தார், நானும் முறைத்தேன். தம்பியை வெயில் சுடாமலிருக்கத் தன் சிறகை விரித்து, அது கருகிப்போன சம்பாதியை இன்னொருத்தி கொடுத்தாள். முட்டையைக் கடல் கொண்டுபோனதும் அலகாலேயே கடலை இறைக்கத் துணிந்த குருவியை வேறொருத்தி கொடுத்தாள், தினமும் கொயினா விழுங்க அந்தக் குருவிதான் கைகொடுத்தது.

ஒரே ஒரு கதையை மட்டும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். பசித்து வந்த வேடனுக்கு உணவாகத் தீயில் விழுந்த புறாவின் கதை. பெரிய தியாகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்டே அறியாத பிள்ளையிடம் போய், நீ உன்னையே கொடுத்துவிடு என்று எந்த வாயால் சொல்வது? கேட்கிறவன் வயிற்றைப் பார்த்துத்தான் கதை சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. இன்றைக்கும் அதுதான்.

டிரெசர் ஐயா கொட்டகைக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நான் முடித்ததும் உள்ளே வந்து திருத்துவார். "லாலாங் இல்லைப் பிள்ளை, தர்ப்பை." "குருவி இல்லை, ஆட்காட்டிக் குருவி." சைவர், புராணமெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மருந்தில் காட்டும் அதே கறாரைக் கதையிலும் காட்டுவார். எனக்கு எரிச்சலாக வரும். "ஐயா, புல்லு புல்லுதானே" என்றால், "மருந்து மருந்துதானே எண்டு சொல்லுவீரோ?" என்பார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

பூச்சி மருந்துக்குப் பிறகு பிள்ளைகளுக்கு இரத்தம் ஊற வேண்டும் என்று டிரெசர் ஐயா துரையோடு மல்லுக்கட்டி டின்பால் வாங்கிவிட்டார். கரைத்துக் காய்ச்சிய பால், தினம் ஒரு குவளை. ஒருவர் குவளையில் இன்னொருவர் குடிக்கக்கூடாது. எழுத்துத் தெரியாத பிள்ளைகள் என்பதால் ஒவ்வொரு தகரக் குவளையிலும் அவரே சிவப்புச் சாயத்தில் ஓர் அடையாளம் போட்டுக் கொடுத்தார். புள்ளி, வட்டம், ஏணி, மீன் என்று. அஞ்சலையின் குவளையில் இரண்டு கோடு.

வாரம் ஒருமுறை வந்து ஒவ்வொரு பிள்ளையின் கீழ்க் கண்ணிமையையும் கட்டைவிரலால் இழுத்து உள்நிறம் பார்ப்பார். வெளுத்துக் கிடந்த இமைகள் எல்லாம் ஒவ்வொன்றாகச் சிவந்துகொண்டு வந்தன. அஞ்சலையிடம் வந்தபோது இழுத்துப் பார்த்தவர், விட்டுவிட்டு மறுபடியும் இழுத்துப் பார்த்தார்.

"இந்தப் பிள்ளை பால் குடிக்கேல்லை."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான்தானே ஐயா தினம் குடுக்கிறேன்?"

"நீர் குடுக்கிறீர். அவள் குடிக்கேல்லை. ரெண்டும் வேற."

கொயினாவென்றால் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன், அடக்கி வைத்துத் துப்பிவிடுவார்கள். பாலுக்கு யார் காவல் நிற்பார்கள்? அடுத்த நாள் நின்றேன். அஞ்சலை குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். குடி என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டாள். நானே ஊட்டப் பார்த்தேன், பால் முகவாய் வழியாக வழிந்து சட்டையில் இறங்கியது. யாருக்குக் கொடுக்கிறாய் என்று கேட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பாலைக் காவல் காக்கத் தொடங்கியதும் அவள் கஞ்சியையும் நிறுத்திவிட்டாள். அந்த வாரக் கடைசியில் விளையாட வராமல் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். காய்ச்சலும் வந்துவிட்டது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்த வெளுப்போடு காய்ச்சலும் சேர்ந்தால் அந்த நாளில் பிள்ளைகள் நிலைப்பதில்லை. சனிக்கிழமை சாயங்காலமே டிரெசர் ஐயா அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கேயும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. காலையில் கங்காணி வீட்டு மேட்டில் உடுக்கைச் சத்தம் கேட்டது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு கோடங்கியை வரவழைத்திருக்கிறார்கள், கங்காணி வீட்டுக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்களாம் என்று லயமே மேட்டுக்கு ஓடியது. நானும் போனேன். வழியில் டிரெசர் ஐயா எதிர்ப்பட்டார். அஞ்சலையைக் கையில் தூக்கி வைத்திருந்தார். "தாயைக் கண்டால் ஒருவேளை குடிப்பாள். கங்காணியோட கதைக்கப் போறன்" என்றார்.

கங்காணி வீட்டு முற்றத்தில் கூட்டம் வட்டமாக நின்றது. நடுவில் மாரியாயி. பக்கத்தில் ஒரு துணிமூட்டை. கங்காணி வீட்டம்மா கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். "தெனமும் இருட்டோட இருட்டா வாசப்படியில ஒரு டின்னு. உள்ள கெட்டுப்போன பாலு, எறும்பு மொய்ச்சுக்கிட்டு. அதுக்கடியில பச்சப் புல்லு பரப்பி வச்சிருக்கு. ஒரு நாளா, ரெண்டு நாளா? வீட்டுக்குள்ளயே இருந்துக்கிட்டு இவதான் செய்யிறா."

"நா செய்யலம்மா" என்றாள் மாரியாயி. எத்தனையாவது முறையோ.

பெரிய கங்காணி சாய்வு நாற்காலியில் இருந்தபடியே தீர்ப்பைச் சொன்னார். "மூட்டையக் கட்டியாச்சு. வண்டி நிக்கிது. பாரிட் புந்தார் பக்கம் நம்மாளு தோட்டம் இருக்கு, அங்க போயிக் கெட. புள்ள இங்க இருக்கட்டும். வளந்தா வேலைக்கு ஆகும்."

மாரியாயி அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் படியைப் பார்த்தேன். கடைசியாக வைத்த டின் இன்னும் அங்கேதான் இருந்தது, தொடப் பயந்து விட்டுவைத்திருந்தார்கள். காலி டின்களைத் தட்டி நசுக்கிப் புதைக்க வேண்டும் என்பது டிரெசர் ஐயாவின் உத்தரவு, கொசு முட்டையிடும் என்பதற்காக. அதில் தப்பித்த ஒரு டின். அடியில் லாலாங். வேரோடு பிடுங்காமல், நுனிகள் எல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி வரிசையாகப் பரப்பியிருந்தது. அந்தப் புல்லை அப்படிப் பரப்பிக் காட்டியவள் நான்.

வட்டத்துக்குள்ளே போனேன். "கங்காணி ஐயா, இது செய்வினை இல்ல. யார் வச்சதுன்னு எனக்குத் தெரியும்."

"யாரு?"

"சொல்றேன். அதுக்கு முந்தி, தாயைத் தொரத்திட்டு புள்ளைய வச்சிக்கிறது எந்த ரூலுன்னு நீங்க சொல்லுங்க. வண்டி கெளம்புச்சுன்னா நான் நடந்தாவது ஈப்போ லேபர் ஆபீசுக்குப் போவேன்."

"ஆயா வேலைக்கு வேற ஆளு கெடைக்காதுன்னு நெனப்பா?"

"கெடைக்கும். இப்ப நான்தான ஆயா? நான்தான் கேக்குறேன்."

கங்காணி எழுந்தார். நான் நகரவில்லை. அப்போதுதான் டிரெசர் ஐயாவின் கையிலிருந்து அஞ்சலை வழுக்கி இறங்கினாள். நிற்கத் தெம்பில்லாமல் இரண்டு அடி வைத்து, படியைப் பிடித்துக்கொண்டு, கங்காணி வீட்டம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"நா ஒரு சொட்டுக்கூட குடிக்கல. எல்லாத்தையும் கொண்டாந்து குடுத்துட்டேன். எங்கம்மாவ வுடுங்க."

யாருக்கும் முதலில் புரியவில்லை. பிறகு பெண்கள் பக்கம் ஒருத்தி, "ஐயோ, கருடன் கதை" என்றாள். கதை தெரியாத பெண் அங்கே யாரும் இல்லை, அவர்கள் பிள்ளைகள்தானே வீட்டில் ஒப்பித்துக்கொண்டிருந்தன. சொல் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போய் வட்டத்தைச் சுற்றி வந்தது. பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"அப்ப நா யாரு? பாம்பா?" என்றார் கங்காணி வீட்டம்மா. 'இல்லை' என்று யாரும் சொல்லவில்லை.

கங்காணி கோடங்கியைப் பார்த்தார். அவர் கூப்பிட்டு வந்த ஆள், அவருக்கு வேண்டியதைச் சொல்வான் என்ற நினைப்பு. கோடங்கி டின்னருகே குந்தி உட்கார்ந்தார். புல்லைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். உடுக்கையைத் துணிக்குள் சுருட்டி வைத்தார்.

"இது ஏவல் இல்ல கங்காணி. குடுக்க வேண்டியதக் குடுத்துருக்கு. புல்லு மேல வச்சாச்சு, வாசல்ல வாங்கியாச்சு. வாங்கிக்கிட்டு ஆள விடாம வச்சிருந்தா, அமுதம் வச்ச புல்ல நக்கி பாம்புங்களுக்கு நாக்கு பொளந்த கதைதான் இந்த வீட்டுக்கும்."

கங்காணி வீட்டம்மா சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுக்காமலே, "போகச் சொல்லுங்க. புள்ளையத் தூக்கிட்டுப் போகட்டும். பழைய வீட்டுலயே இருந்துக்கட்டும்" என்றார். கங்காணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "போகச் சொல்லுங்கன்னு சொல்றேன்ல" என்று அந்தம்மா கத்திய கத்தில் அவரும் உட்கார்ந்துவிட்டார். மாரியாயி மூட்டையை விட்டுவிட்டு மகளை மட்டும் தூக்கினாள்.

இதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆஸ்பத்திரிக்குப் போய், தாயை வாங்குப் பலகையில் உட்கார வைத்து, மகளை மடியில் விட்டு, நான் பாலைக் காய்ச்சி இரண்டு கோடு போட்ட குவளையில் ஊற்றிக் கொடுத்தேன். அஞ்சலை வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை. உதடு வெடித்திருந்தது, கண் உள்ளே போயிருந்தது. பாலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கருடன் குடிச்சாரா?" என்றாள்.

"எப்ப?"

"அம்மாவ மீட்டதுக்குப் பொறவு."

எனக்குத் தெரியாது. மாரியாயியைப் பார்த்தேன். அவள் கூத்துப் பார்த்தவள், அவளுக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டாள். கதையில் அவர் குடிக்கவேயில்லை என்று அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. ஆமாம் என்று நான் சொல்லியிருப்பேன், கூசாமல் சொல்லியிருப்பேன். ஆனால் அஞ்சலை என்னைக் கேட்கவில்லை. எனக்குக் கதை கொடுத்ததே அவள் அம்மாதான் என்பது அவளுக்குத் தெரியும். அம்மா அவளைக் குடிக்க வைக்க என்ன வேண்டுமானாலும் சொல்வாள் என்பதும் தெரியும். அவள் டிரெசர் ஐயாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கசக்கும் என்றால் கசக்கும், நோகும் என்றால் நோகும் என்று கண்ட ஒரே ஆளை.

அவர் தர்ப்பையை லாலாங் என்று சொல்ல விடாதவர். குருவியின் இனம் மாறினால்கூடப் பொறுக்காதவர். அவர் உள்ளதைச் சொல்லிவிட்டால் இந்தப் பிள்ளைக்கு இனி என்ன நடக்கும்?

டிரெசர் ஐயா அவள் எதிரே வந்து நின்றார். இடுப்பை மடித்துக் குனிந்து, அளவுக் கண்ணாடியில் பார்ப்பாரே, அதே மாதிரி கண்ணைக் குவளையின் மட்டத்துக்குக் கொண்டு வந்தார்.

"ஓம்" என்றார். "குடிச்சவர்."

"முழுசாவா?"

"ஒரு சொட்டும் மிச்சம் விடேல்லை. தாய்க்கு முன்னால இருந்துதான் குடிச்சவர்."

அஞ்சலை அம்மாவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குவளையை வாயில் வைத்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை அவர் குனிந்த இடுப்பை நிமிர்த்தவில்லை.

பிறகு வெளியே போய் வெகுநேரம் கைகழுவினார். நான் பின்னாலேயே போய், "ஐயா, புராணத்துல..." என்று ஆரம்பித்தேன். "தண்ணி கொதிக்க வைக்கவேணும். போம் பிள்ளை" என்றார். அத்தனை வருடம் அவரோடு வேலை செய்தேன், அந்தப் பேச்சை இரண்டு பேரும் மறுபடி எடுக்கவில்லை. சில வாரங்கள் கழித்து, வழக்கம்போலப் பிள்ளைகளின் கண்ணிமையை இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர் அஞ்சலையிடம் கொஞ்சம் கூடுதலாக நின்றார். "சிவந்திட்டுது" என்று எனக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போனார்.

அன்றிலிருந்து கொட்டகையில் நான் அந்தக் கதையை முழுசாகவே சொன்னேன். பூச்சி மருந்துக்கு முதல்நாள் கருடன் குடிக்க மாட்டார். மருந்து முடிந்து பால் வந்ததும் குடிப்பார். எத்தனையோ வருடம் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொன்னேன். டிரெசர் ஐயா வெளியே நின்று கேட்பார். புல்லைத் திருத்துவார், குருவியைத் திருத்துவார். கடைசி வரியை மட்டும் திருத்தியதேயில்லை.

ஆகவே, டீச்சர், நீங்கள் வகுப்பில் சொல்வதுதான் புராணம். அதில் எனக்குச் சண்டையில்லை. பசியாறிவிட்டு வரும் பிள்ளைகளுக்கு நல்ல பாடமும்கூட, சொல்லுங்கள். ஆனால் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் எழுந்து நின்றால் தயவுசெய்து உட்காரச் சொல்லாதீர்கள். கருடன் குடித்தார். குவளையைக் கழுவியவள் நான்.